பிளக் தவமக்காவின் மடியில் இருந்தது

செய்தி வந்தபோது புல்லு வெட்டும் மெசின் தலைகீழாகக் கிடந்தது. தவமக்கா வீட்டுப் பின் விறாந்தையில் சாக்கு விரித்து அதன்மேல் கவிழ்த்து வைத்திருந்தேன். அடித்தட்டில் காய்ந்து ஒட்டியிருந்த புல்லை ஒரு மரத்துண்டால் சுரண்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. எங்கள் விளையாட்டுக் கழகத்தின் பொருளாளர் நகுலண்ணை. இரண்டு நாளாக யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றவர் அவர்தான்.

"தவமக்கா மோசம் போயிட்டாவடா," என்றார்.

என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. மெசினின் பிளக் அங்கே இருந்தது. தொட்டுப் பார்த்த பிறகுதான் அழுகை வந்தது.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி கழகத்தில் கேட்டார்கள். கண்டபாட்டுக்கு எழுதவேண்டாம் என்று தலைவர் தனியாகக் கூப்பிட்டும் சொன்னார். மீனவர் சங்கத்தில் தவமக்கா கணக்கு எழுதுகிற கிளாக்காக இருந்த காலத்தை மற்றவர்கள் எழுதுவார்கள். கோயில் தொண்டு பற்றி எழுதவும் ஆட்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது புல்லு மெசின். அதைத்தான் எழுதுகிறேன். ஒரு பக்கத்தில் அடங்காது, அச்சடிப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

வெளிநாட்டிலிருந்து இதைப் படிக்கிற ஊரவர்களில் சிலருக்கு மைதானம் இப்போது எப்படி இருக்கிறது என்று தெரியாது. தவமக்கா வீட்டின் பின் மதிலுக்கு அந்தப் பக்கம் மைதானம். முந்தி அது மணலும் கல்லும். விழுந்தவனின் முழங்கால் தோல் மைதானத்தில் கிடக்கும், அவன் எழும்பி வருவான். அப்படி வந்தவர்கள் எல்லாரும் தவமக்காவின் கிணற்றடியில்தான் இரத்தம் கழுவினார்கள். ஒருநாள் கழுவ வந்த பதினொரு பேரையும் வரிசையில் நிற்பாட்டி, ஆளுக்கொரு கட்டு அறுகம்புல் கிழங்கைக் கையில் கொடுத்து, போய் நட்டுவிட்டு வாருங்கள், அதுவரை தண்ணீர் இல்லை என்றாராம். அந்தப் பதினொரு பேரில் நகுலண்ணையும் ஒருவர். நட்டார்கள். தண்ணீர் ஊற்றினது தவமக்கா. மூன்று மாரி போக மைதானம் பச்சையானது. ஆறு வயதுப் பிள்ளைக்கும் அறுபது வயதுக் கிழவருக்கும் அவர் அக்காதான். கலியாணம் கட்டவில்லை. ஒரு தம்பி டென்மார்க்கில். அந்தத் தம்பி ஒருமுறை ஊருக்கு வந்து புல்லைப் பார்த்துவிட்டுப் போய், கப்பலில் சாமான் பெட்டி போடும்போது சொக்லேற்றுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவில் தான் பாவித்த ஒரு புல்லு மெசினையும் வைத்து அனுப்பினார். கரண்டில் ஓடுகிற மெசின். வயர் இழுத்துக்கொண்டுதான் வெட்டவேண்டும்.

நான் யாழ்ப்பாணத் திருநெல்வேலியில் கம்பஸ் என்கிற பல்கலைக்கழகப் படிப்பை ஒரு வருடத்தில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்த கிழமையும் அந்தப் பெட்டி வந்த கிழமையும் ஒன்று. ஊரில் எனக்குப் பெயரே "கம்பஸ்" என்று ஆகியிருந்தது. கடைக்குப் போனால், "என்ன கம்பஸ், லீவோ?" என்று கேட்பார்கள். லீவு இல்லை என்று தெரிந்துதான் கேட்பார்கள். வீட்டில் அப்பா என்னோடு கதைப்பதில்லை. நான் எதைத் தொடங்கினாலும் பாதியில் விட்டுவிடுவேன் என்று அம்மா கிணற்றடியில் நின்று பக்கத்து வீட்டுக்குச் சொல்லுவார். பொய் இல்லை. கழட்டின சைக்கிளைத் திரும்பப் பூட்டத் தொடங்கி விட்டிருக்கிறேன், கிற்றார் தொடங்கி விட்டிருக்கிறேன், பிறகு கம்பஸ்.

அவர் வீட்டு ஒழுங்கையால் போனபோது தவமக்கா படலைக் கதவடியில் நின்றார்.

"ரூபன், கம்பஸை ஏன் விட்டனீ எண்டு நான் கேக்கமாட்டன். அதை ஊர் முழுக்கக் கேட்டிருக்கும். உனக்குப் பிளக் மாத்தத் தெரியுமோ?"

"ஓம்."

"அப்ப உள்ளுக்கு வா."

டென்மார்க் பிளக் எங்கள் சுவரில் போகாது. அதை வெட்டிவிட்டு எங்களுடைய மூன்று முள் பிளக்கைப் பூட்டினேன். வயருக்குள் இரண்டு கம்பிதான் இருந்தது. மூன்றாவது எங்கே என்று கேட்டார். இதற்கு எர்த் இல்லை, மெசினின் லேபலில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்டிருக்கிறது, கரண்ட் வெளியே வராமல் உள்ளே இரண்டு தோல் வைத்துச் செய்திருக்கிறார்கள் என்று சொன்னேன்.

"ரெண்டு தோலோ? அப்ப நகுலனைப் போலை," என்றார்.

அவருக்கு மெசினின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. ஆனால் ஒரு சட்டம் வைத்திருந்தார். நான் மெசினைக் கவிழ்ப்பதற்கு முன் பிளக்கைச் சுவரிலிருந்து கழட்டி அவர் கையில் கொடுக்கவேண்டும். அவர் கதிரையைப் போட்டு இருந்து அதை மடியில் வைத்துக்கொள்வார். சுவிச்சை நிற்பாட்டினால் போதாதா என்று முதல் நாளே கேட்டேன். எனக்கு எல்லாவற்றுக்கும் அவசரம். அவர் கோபப்படவில்லை. சங்கத்தில் வேலை செய்த காலத்தில் நடந்த ஒன்றைச் சொன்னார். ஒருவர் படகின் பின்னால் நின்று எஞ்சின் விசிறியில் சிக்கின வலையை எடுத்துக்கொண்டிருந்தார். படகுக்குள் நின்றவர் அதைக் காணாமல் கயிற்றை இழுத்து எஞ்சினை ஸ்ராட் பண்ணிவிட்டார். நட்டஈட்டுக் கடிதம் எழுதினது தவமக்கா.

"விரல் ரெண்டு எண்டு என்ரை கையாலை எழுதினனான். நிப்பாட்டினது எண்டு அவையளும் நினைச்சவைதான். நினைக்கிறது காணாது. கழட்டினதைக் கண்ணாலை காணவேணும்."

அதற்குப் பிறகு நான் சுவிச் பற்றிக் கதைக்கவில்லை.

இனி நான் சொல்லவந்த கிழமை. இரண்டு வருடத்துக்கு முந்தின தை மாதம். அந்த வருடம் மாரி விடாமல் பெய்து புல் முழங்காலைத் தொட்டது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் மைதானத்தில் உதைபந்தாட்ட அரையிறுதி. அதற்கு முந்தின வருடம் தோளில் கொழுவி வெட்டுகிற பெற்றோல் மெசினைக் கூப்பிட்டு வெட்டுவித்தோம். ஓரிடம் மொட்டை, ஓரிடம் குடுமி. பந்து எங்கே துள்ளும் என்று பந்துக்கே தெரியவில்லை. அதனால் இந்த முறை கழகக் கூட்டத்தில் ஒரே பேச்சு: சனிக்கிழமை காலையில் உழவு மெசினைப் பின்னால் பூட்டுகிற இரும்புத் தகட்டோடு இறக்கி முழுக்க வழித்து எடுத்துவிடுவோம், மட்டமாகிவிடும். கை தூக்கச் சொன்னார்கள். தூக்கினார்கள்.

வழித்தால் வேரோடு போகும். மூன்று மாரித் தண்ணீர் போகும். திரும்பவும் மணலும் கல்லும். அது எல்லாருக்கும் தெரியும், ஆனால் வேறு வழி தெரியவில்லை. தவமக்கா கடைசி வரிசை வாங்கிலிருந்து எழும்பினார். வெள்ளிக்கிழமை பொழுதுபடும் வரை தரச்சொன்னார். அதற்குள் முழு மைதானத்தையும் தன் மெசினால் வெட்டித் தருவதாகவும், ஒரு துண்டு மிச்சம் கிடந்தாலும் சனிக்கிழமை தானே மைதானத்துப் படலையைத் திறந்து உழவு மெசினை உள்ளே விடுவதாகவும் சொன்னார்.

சிரித்தார்கள். நகுலண்ணைதான் வாய் திறந்தார்.

"அக்கா, உந்த வயர் மெசினாலை மைதானம் வெட்டுறதெண்டால் வயர் பருத்தித்துறையிலையிருந்து வரவேணும்."

"வயர் வரும். நீ முதல் பெனால்ரியைக் கோலுக்கை அடிக்கப் பழகு."

முந்தின வருடம் நகுலண்ணை அடித்த பெனால்ரி மதிலைத் தாண்டி தவமக்காவின் தோட்டத்தில் விழுந்து இரண்டு கத்தரிக்கன்றை முறித்தது. கூட்டம் அவரைப் பார்த்துச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ஏனென்றால் தவமக்கா இருந்துகொண்டே என் பக்கம் திரும்பி, நாளைக்கு எத்தனை மணிக்கு வாறாய் என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். மெசினின் அகலம் ஒரு அடிக்குச் சற்றுக் கூட. மைதானம் முழுக்க வெட்டி முடிக்கப் பதினாறு கிலோமீற்றர் தள்ளிக்கொண்டு நடக்கவேண்டும். அதை அவரிடம் சொன்னேன். பருத்தித்துறைக்குப் போய்த் திரும்பி வருகிற தூரம்தானே, நடந்தே போய் வந்த சனம்தானே என்றார்.

திங்கட்கிழமை பனி ஈரம் காயும்வரை இருந்துவிட்டு ஒன்பது மணிக்குத் தொடங்கினோம். கோயிலுக்கு லைற் கட்டுகிற சோடனைக்காரரிடம் தவமக்கா தடித்த வயர் கேட்டு வாங்கியிருந்தார். மெல்லிய வயரை நீளமாக இழுத்தால் மெசினுக்குப் போய்ச் சேருகிற கரண்ட் இளைத்துவிடும். அதை நான் சொன்னேன். வயரைச் சுருட்டி வைக்காமல் படகில் வலை மடித்து வைப்பதுபோல் மடிப்பு மடிப்பாகப் போடவேண்டும் என்பது அவர் சொன்னது. அப்படிப் போட்டால் சிக்காமல் தானாக வரும். பிளக் பக்கமிருந்து தொடங்கி வெளியே வெளியே வெட்டிக்கொண்டு போகவேண்டும், வயரைத் தோளுக்குப் பின்னால் விடவேண்டும், வெட்டாத பக்கத்தில் வயர் ஒருபோதும் கிடக்கக்கூடாது. இதை நாங்கள் இரண்டு பேரும் சண்டை பிடித்துத்தான் கண்டுபிடித்தோம். கத்தியை உயர்த்தி வைத்து, பாதி அகலம் பாதி அகலமாகக் கடித்துக்கொண்டு போனேன். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை மோட்டாருக்கு ஓய்வு. பின்னேரம் பார்த்தால் கால்வாசி மைதானம் கம்பளம் மாதிரிக் கிடந்தது.

பிறகு செய்தோம் ஒரு வேலை.

எங்கள் ஊரில் கடலால் வந்த எஞ்சினுக்கு நல்ல தண்ணீர் காட்டாமல் எவரும் வீட்டுக்குப் போவதில்லை. பீப்பாவில் தண்ணீர் நிரப்பி எஞ்சினை இறக்கி ஓடவிடுவோம். உப்பு நின்றால் இரும்பு கறல் பிடிக்கும். இது எங்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை, பிறந்ததிலிருந்து பார்ப்பது. திங்கட்கிழமை வேலை முடிந்தது. நான் மெசினைக் கவிழ்த்துப் பிடித்தேன். தவமக்கா பைப்பைத் திறந்தார். அடியைக் கழுவினோம். மேலைக் கழுவினோம். மோட்டாருக்குக் காற்றுப் போகிற துவாரங்கள் இருக்கின்றனவே, அதற்குள்ளும் உப்பு நிற்கக்கூடாது என்று பைப்பைப் பிடித்தோம். எந்த உப்பு? மைதானத்தில் எங்கே கடல்? இரண்டு பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. அதில் ஒருவன் பௌதிகம் ஒரு வருடம் படித்தவன். பிளக் மட்டும் அவர் மடியில் கவனமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பிளக்கைப் போட்டு மெசினை அமுக்கினேன். டக் என்று வீடு முழுக்கக் கரண்ட் போனது. ட்ரிப் சுவிச் விழுந்துவிட்டது. தூக்கிவிட்டுத் திரும்பவும் அமுக்கினேன். திரும்பவும் விழுந்தது. நல்ல சாமான் அந்தச் சுவிச். அது இல்லாத வீடென்றால் இந்த அஞ்சலியை வேறு யாரோ எனக்கு எழுதியிருப்பார்கள்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்கினதும் நான் செய்தது பொய் சொன்னது. மெசின் பழசாக்கும், எரிந்து போய்விட்டது, இனி ஒன்றும் செய்ய ஏலாது என்றேன். சொல்லிக்கொண்டே செருப்பைத் தேடினேன். கம்பஸிலிருந்து வந்ததும் இப்படித்தான். ஒரு பாடத்தில் பிழைவிட்டேன், பிழையை மறைத்தேன், மறைத்ததை மறைக்க ஊருக்கு வந்தேன். இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. இப்போது அச்சில் வருகிறது.

தவமக்கா குனிந்து மோட்டாரை மணந்து பார்த்தார்.

"எரிஞ்ச மணம் இல்லை. நனைஞ்ச மணம்தான் வருது."

நான் ஒரு செருப்பைக் காலில் கொழுவினேன்.

"பைப்பைத் திறந்தது நான். பாதிப் பிழை என்ரை. உன்ரை பாதியை வைச்சுக்கொண்டு ஸ்குறூவைக் கழட்டு."

செருப்பை விட்டுவிட்டுக் கழட்டினேன். மேல் மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு கோப்பைத் தண்ணீர் நின்றது. துடைத்தேன். மோட்டாரைத் தனியாக எடுத்தோம். தவமக்கா மீன் காயவைக்கிற பாயைக் கொண்டுவந்து வெயிலில் விரித்தார். அதன் நடுவில் மோட்டாரை வைத்தோம். அவர் குடையோடு பக்கத்தில் இருந்து, அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றி வைத்தார். காகம் வந்தால் கலைத்தார். காகம் ஏன் மோட்டாருக்கு வரும் என்று கேட்டேன், பழக்கம் என்றார். மதிலுக்கு மேலால் தலைகள் வரத் தொடங்கின. தவமக்கா மோட்டார்க் கருவாடு போடுகிறாராம் என்று கரைவரை செய்தி போய்விட்டது. நகுலண்ணை வேலைக்குப் போகிற வழியில் மோட்டார்சைக்கிளை நிற்பாட்டி எட்டிப் பார்த்தார்.

"அக்கா, உது எப்ப காயும்? கொஞ்சம் குழம்புக்கு எடுப்பம் எண்டு."

"காய்ஞ்சாப்பிறகு உனக்கு ஒரு துண்டு தாறன். பல்லைக் கவனமா வைச்சிரு."

பின்னேரம் மூன்று மணிக்கே பூட்டிப் பார்ப்போம் என்று நான் அரியண்டம் கொடுத்தேன். அரை நாளில் கருவாடு காயாது என்று சொல்லிவிட்டு அவர் பிளக்கைக் கதிரையில் வைத்து அதன்மேல் ஏறி இருந்துவிட்டார். ஒரு முழு நாள் போனது. ஐந்து நாளில் இரண்டு முடிந்தது.

புதன்கிழமை மத்தியானம் வரை இன்னும் காயவைத்துப் பூட்டினேன். ட்ரிப் சுவிச் விழவில்லை. மெசின் ஓடியது. ஆனால் இளைத்தவன் ஓடுவதுபோல் ஓடியது, துவாரத்துக்குள் நீலப் பொறி பறந்தது. கழட்டிப் பார்த்தேன். மோட்டாருக்குள் சுழலுகிற பகுதிக்குக் கரண்டைக் கொடுப்பது இரண்டு சின்னக் கறுப்புக் கட்டிகள். காபன் என்று சொல்லுவோம். தேய்ந்து தேய்ந்து அரிசிமணி அளவுக்கு வந்திருந்தது. தண்ணீரோடு சம்பந்தமில்லை, எப்படியும் அது அந்தக் கிழமை போயிருக்கும்.

யாழ்ப்பாணத்துக்குப் பஸ் ஏறினேன். மூன்று கடை. டென்மார்க் மெசினுக்கு டென்மார்க்குக்குத்தான் போகவேண்டும் என்று மூன்றாவது கடைக்காரர் சொன்னார். கடை வாசலில் நின்று தவமக்காவுக்குப் போன் எடுத்தேன். முடிந்துவிட்டது என்று சொல்லத்தான் எடுத்தேன். அவர் கேட்டது ஒன்று: அதைவிடப் பெரியது இருக்கிறதா? கிரைண்டருக்குப் போடுகிற காபன் இருக்கிறது, ஆனால் பெரிது என்றேன்.

"பெரிசைச் சின்னனாக்கலாம்தானே. ரெண்டு சோடியா வாங்கு. உன்ரை கையை எனக்குத் தெரியும்."

பின்னேரம் விறாந்தைச் சீமெந்தில் சான்ட் பேப்பரை விரித்து, இரண்டு பேரும் எதிரும் புதிருமாக இருந்து தேய்த்தோம். ஒரு பக்கம் தேய்ப்பது, வைத்துப் பார்ப்பது, திரும்பத் தேய்ப்பது. கூட்டுக்குள் அது தானாக வழுக்கி ஏறி இறங்கவேண்டும், இறுகினால் பொறி பறக்கும். நான் அவசரத்தில் ஒன்றை அமுக்கினேன், இரண்டாக முறிந்தது. அவர் இரண்டாவது சோடியை எடுத்து என் முன்னால் வைத்தார். அவர் தேய்த்தது ஒரே தரத்தில் சரியாக ஏறியது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத மனுசி. விரல் பத்தும் கறுப்பாக, இரண்டு பேரும் தேத்தண்ணி குடித்தோம். அன்றைக்கே பூட்டி அமுக்கினேன். சத்தம் மாறிவிட்டது. பழைய குரல் திரும்பி வந்தது. பக்கத்து வளவு நாய் குரைத்துக்கொண்டு ஓடியது. தவமக்கா எழும்பி நின்று கைதட்டினார். ஒரு ஆள் தனியாகத் தட்டின கைதட்டல்தான், இன்னும் காதில் இருக்கிறது.

வியாழன் காலை கத்தியைக் கழட்டி அரத்தால் தீட்டினேன். இரண்டு முனையும் ஒரே பாரம் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் மெசின் நடுங்கிச் சாகும். சுவரில் ஆணி அடித்து, நடு ஓட்டையில் கத்தியைக் கொழுவிப் பார்த்தேன். ஒரு பக்கம் தாழ்ந்தது. தாழ்ந்த பக்கத்தை இன்னும் அராவினேன். தராசு மாதிரி மட்டமாக நிற்கும்வரை தவமக்கா தூரத்திலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பிறகு வெட்டினோம். வியாழன் முழுக்க. வெள்ளி முழுக்க. நான் தள்ளினேன், அவர் வயரை மடித்து மடித்து விட்டார். மதிலில் சனம் இருந்து பார்த்தது. கிரிக்கெற் பார்க்கிற மாதிரிச் சிலர் கடலை கொண்டுவந்தார்கள். பந்தயம் பிடித்தவர்களும் உண்டு, பெயர் சொல்லமாட்டேன், இந்த மலரில் எழுதியிருக்கிறார்கள்.

வெள்ளி பின்னேரம் ஐந்து மணி. மேற்கு மூலை மட்டும் மிச்சம். ஒரு வீட்டு முற்றம் அளவு. வயர் முடிந்துவிட்டது. இழுத்துப் பார்த்தேன், பத்தடி குறைந்தது. என் கால் இரண்டும் என்னுடையது இல்லை.

"இவ்வளவும் காணும் அக்கா. மூலைதானே, ஆர் பாக்கப்போகினம்?"

"கோணர் கிக் எங்கையிருந்து அடிக்கிறவை?"

மூலைக்கு அப்பால் ஒரு வீடு. நீல யன்னல். நகுலண்ணையின் வீடு. தவமக்கா தன் வீட்டுச் சுவரிலிருந்து பிளக்கைக் கழட்டிக் கையில் எடுத்துக்கொண்டு, வெட்டின புல்லுக்கு மேலால் மைதானத்தின் நடுவாக நடந்து போனார். பின்னால் வயர் பாம்பு மாதிரி இழுபட்டுப் போனது. மதிலில் இருந்த சனம் எழும்பி நின்றது. அவர் நீல யன்னலுக்கு முன்னால் நின்றார்.

"நகுலன், வயர் பருத்தித்துறையிலையிருந்து வரேல்லை. உன்ரை வீட்டிலையிருந்து வருது. யன்னலைத் திற."

யன்னல் திறந்தது. நகுலண்ணை வெறும் மேலோடு இடுப்பில் சாரத்தோடு நின்றார். முகத்தைப் பார்க்கவேண்டும். பிளக்கை வாங்கினார். போடட்டா என்று கேட்டார். மெசினடியில் நின்ற நான் கையைக் காட்டினபிறகுதான் போடவேண்டும் என்று தவமக்கா சொன்னார். மதிலில் இருந்தவர்கள் சத்தம் போட்டார்களே, அப்படி ஒரு சத்தத்தை நான் எந்தக் கோலுக்கும் கேட்டதில்லை.

கடைசி வரியை வெட்டி முடித்து மெசினை நிற்பாட்டினேன். சூரியன் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. புல்லில் விழுந்து மல்லாக்கக் கிடந்தேன். தவமக்கா பக்கத்தில் வந்து இருந்தார். காலில் பச்சை ஒட்டியிருந்தது.

"கம்பஸுக்குத் திரும்பிப் போ எண்டு நான் சொல்லமாட்டன். போறதும் விடுறதும் உன்ரை அலுவல். ஆனால் ஒண்டு. இனி ஆரும் நீ பாதியிலை விடுறவன் எண்டு சொன்னால், மைதானத்தைப் பார் எண்டு சொல்லு."

சனிக்கிழமை காலை உழவு மெசின் வந்தது. வேண்டாம் என்று அந்த மனுசனுக்குச் சொல்ல எல்லாரும் மறந்துபோனோம். அவர் இறங்கி வந்து, படலையடியில் நின்று பார்த்து, செருப்பைக் கழட்டிவிட்டு உள்ளே நாலு அடி நடந்தார். "உதுக்குள்ளை தகடு விடச்சொன்ன விசரன் ஆர்?" என்று கேட்டார். ஒருவரும் கை தூக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மற்றக் கழகத்தின் கப்டன் குனிந்து உள்ளங்கையால் புல்லைத் தடவிப் பார்த்ததை நான் பார்த்தேன். இரண்டுக்கு ஒன்றில் வென்றோம். இரண்டாவது கோல், மேற்கு மூலையிலிருந்து நகுலண்ணை அடித்த கோணர் கிக்கில் வந்தது. அடித்துவிட்டு அவர் ஓடி வந்தது எங்களிடம் இல்லை, பின் மதிலடியில் கதிரை போட்டிருந்த தவமக்காவிடம். தவமக்கா சொன்னாராம், தான் கோலைப் பார்க்கவில்லை, பந்து உருண்டு போனதைத்தான் பார்த்துக்கொண்டிருந்ததாக.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஒவ்வொரு மாதமும் வெட்டினோம். மெசினை ஒருபோதும் கழுவவில்லை. மரத்துண்டால் சுரண்டுவோம், காய்ந்த தும்புத்தடியால் தூசு தட்டுவோம், வயரை விரலால் தடவி வெட்டுக்காயம் இருக்கிறதா என்று பார்ப்போம். கரையில் எவராவது கரண்ட் சாமானைக் கழுவப் போனால், "தவமக்காவைக் கேட்டனீயோ?" என்று இப்போதும் பகிடி விடுகிறார்கள். நான் ஊரில் மோட்டார், கிரைண்டர், தண்ணீர்ப் பம்பு திருத்துகிறேன். அப்பா கதைக்கிறார். எங்கள் பம்பையும் திருத்தித் தரும்படி கேட்டுத்தான் கதைக்கத் தொடங்கினார்.

செத்தவீட்டன்று காலையில் மைதானத்தில் பாதி வெட்டாமல் கிடந்தது. அவர் ஆஸ்பத்திரிக்குப் போன அன்று பாதியில் நின்ற வேலை. பாதியில் விட எனக்கு மனமில்லை. பின் விறாந்தையிலிருந்து மெசினைத் தூக்கினேன். செத்தவீட்டில் என்ன மெசின் சத்தம் என்று ஒரு பெரியவர் ஏசினார். நியாயம்தான். டென்மார்க்கிலிருந்து விடிய வந்து இறங்கியிருந்த தம்பிக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெட்டட்டும், அக்கா கேட்டால் நான் என்ன சொல்லுறது?" என்றார். வெட்டினேன். மேற்கு மூலைக்கு வந்தபோது நிமிர்ந்து பார்த்தேன். நீல யன்னல் ஏற்கனவே திறந்திருந்தது. நகுலண்ணை கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

ஒழுங்கையால் போகவேண்டிய பாடையை மைதானத்துக்கு நடுவால் கொண்டுபோனோம். முந்தி ஒருநாள் கிழங்கு நட்ட பதினொரு பேரில் ஊரில் இருந்தவர்கள் தூக்கினார்கள். ஒருவருக்கும் கால் தடுக்கவில்லை. மட்டமாக இருந்தது.

மெசினைத் தம்பிக்காரர் கழகத்துக்குக் கொடுத்துவிட்டார். புல் ஊருக்கு. தவமக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது ஒரு பழக்கம். போன சனிக்கிழமை கத்தி தீட்டுவதற்காக மெசினைக் கவிழ்த்தேன். தவமக்காவின் கதிரையில் இப்போது நகுலண்ணை இருக்கிறார். நான் கூப்பிடவில்லை, தானாக வந்து இருந்தார். பிளக் எங்கே என்று கேட்டேன்.

"என்னட்டைத்தான் கிடக்குது. வேலையைப் பார்."

"காட்டுங்கோ."

"கிடக்குது எண்டு சொல்லுறன்தானே."

நான் கையைக் கத்திக்குக் கிட்டவும் கொண்டுபோகவில்லை. மதிலுக்கு அப்பால் பொடியள் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். நகுலண்ணை முணுமுணுத்துக்கொண்டு சாரத்தின் மடியை விரித்தார். பிளக் அங்கே இருந்தது. கண்ணால் கண்டேன். அதற்குப் பிறகுதான் ஸ்குறூவைத் தொட்டேன்.